அது சார் வரைஞ்சது

இரண்டு வருடமாக ஒரு படிக்கட்டு என்னை விடமாட்டேன் என்கிறது. அது நான் கட்டியதில்லை, யாரும் கட்டப்போவதும் இல்லை. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வரைந்த சின்ன நூலகத்துக்குள் இருந்த படிக்கட்டு அது. ஷீட்டுகள் எப்போதோ சுருட்டி வைக்கப்பட்டுவிட்டன, மதிப்பெண்ணும் போட்டாயிற்று. ஆனாலும் அலுவலகத்தில் ஒரு செக்ஷன், அதாவது கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்த படம், வரைய உட்காரும்போதெல்லாம் அது வந்து முன்னால் நிற்கிறது. எழுதினாலாவது கொஞ்சம் தெளிவு வருமா என்று பார்க்கிறேன்.

நான் முழுநேர ஆசிரியன் இல்லை. சொந்தமாக அலுவலகம் நடத்தி வீடுகளும் சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்களும் கட்டுகிறவன். வாரத்தில் இரண்டு மதியம் கட்டடக்கலைக் கல்லூரியில் ஸ்டுடியோ எடுக்கிறேன், அதாவது வடிவமைப்பு வகுப்பு, பன்னிரண்டு வருடமாக. என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் சைட், மதியம் ஸ்டுடியோ, சாயங்காலம் கிளையன்ட். எங்களைக் கூப்பிடுவதற்குக் கல்லூரிகள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: தொழிலில் இருப்பவர்கள் வந்தால் பிள்ளைகளுக்கு நிஜம் தெரியும். நானும் அதை நம்பித்தான் போனேன், இப்போதும் நம்புகிறேன். எந்த நிஜத்தை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதில்தான் எனக்குக் குழப்பம் வந்தது, அந்தப் படிக்கட்டுக்கு அப்புறம்.

நடந்தது இதுதான். செமஸ்டரில் பாதிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. டிஸ்கஷனுக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கு இருபது நிமிடம். அவள் அதிகம் பேசாத பெண். ஷீட்டை விரித்துவிட்டு ஓரமாக நின்றாள். தரைத்தளத்தில் புத்தகக் கூடம், மேலே வாசிப்பறை, தளத்துக்குத் தளம் உயரம் 3,600 மி.மீ. சுவரை ஒட்டி ஒரே நேர்கோட்டில் நீளமாகப் படிக்கட்டு போட்டிருந்தாள். 150 மி.மீ. வீதம் 24 ரைசர் (ஒரு படியின் உயரம்), 300 மி.மீ. டிரெட் (கால் வைக்கும் அகலம்). அப்படியென்றால் நீளம் மட்டும் ஏழு மீட்டருக்குப் பக்கம், நடுவில் நிற்கச் சமதளமாக ஒரு லேண்டிங்கும் இல்லை. கூடத்தின் ஒரு முழுப் பக்கத்தை அது விழுங்கியிருந்தது. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. படியைப் பாதியில் மடக்கினால் இடம் மிச்சம். மடக்கும் இடத்தை முற்றத்துப் பக்கம் தள்ளினால் லேண்டிங்கில் ஒரு ஜன்னல் கிடைக்கும், வெளிச்சமும் இறங்கும். அடியில் இருப்பது தெரியும் டிரேசிங் ஷீட்டை அவள் ஷீட்டின் மேல் போட்டேன், தடிமனான பேனாவை எடுத்தேன், வரைந்துகொண்டே பேசினேன். பன்னிரண்டு படி, லேண்டிங், ஜன்னல், மறுபடி பன்னிரண்டு படி. நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். நல்ல கோடுகள், இப்போது நினைத்தாலும் அதில் தப்பு சொல்ல முடியாது. அவள் தலையாட்டினாள். "சரி சார்" என்றாள். அடுத்த பையன் வந்து உட்கார்ந்தான்.

கடைசி ஜூரிக்கு, அதாவது மாணவர்கள் தங்கள் வேலையை வைத்து விளக்கும் மதிப்பீட்டுக்கு, வெளியிலிருந்து இரண்டு கட்டடக்கலைஞர்கள் வந்திருந்தார்கள். அவள் முறை வந்தபோது அதில் மூத்தவர் மாடலின் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நேராகப் படிக்கட்டுக்குத்தான் போனார். ஏறுகிறவர் பாதியில் நின்று முற்றத்தைப் பார்க்கிறார், ரொம்ப நன்றாக இருக்கிறது, இந்த முடிவுக்கு எப்படி வந்தாய், ஏன் இந்த இடத்தில் திருப்பினாய் என்று கேட்டார். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை, பாராட்டத்தான் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் மாடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள், "அது சார் வரைஞ்சது."

அவள் குரலில் கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. கேட்ட கேள்விக்கு அவளிடம் இருந்த உண்மையான பதில் அதுதான். ஜூரியில் யாரோ லேசாகச் சிரித்தார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் போகவில்லை.

அலுவலகத்துக் கை

அன்றைக்கு ராத்திரி என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். வரைந்து காட்டாமல் வடிவமைப்பைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? வாயால் மட்டும் சொல்லி நீச்சல் கற்றுத்தர முடியுமா? இந்தத் தொழிலே கையிலிருந்து கைக்குப் போகிற தொழில். 19ஆம் நூற்றாண்டில் பாரிசின் எக்கோல் தே போ-ஆர் பள்ளியில் சேர்ந்தவர்கள் வடிவமைப்பைப் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே, தொழில் செய்துகொண்டிருந்த ஒரு கட்டடக்கலைஞர் நடத்திய அட்லியே என்ற பட்டறையில்தான் கற்றார்கள். விரிவுரையும் போட்டியும் பள்ளியில், கோடு போடப் பழகுவது அங்கே. அந்த ஆசிரியரை 'பத்ரோன்' என்று கூப்பிட்டார்கள், முதலாளி என்றும் அதற்கு அர்த்தம் சொல்லலாம். நாங்கள் ஸ்டுடியோ என்று சொல்வதெல்லாம் அந்த அட்லியேயின் பேரப்பிள்ளைதான். அப்படி இருக்க, தொழில் செய்கிறவன் மாணவியின் தாளில் கோடு போட்டால் அதில் என்ன தப்பு?

ஆனால் சமாதானம் நிற்கவில்லை. காரணம் என் கையிடமே இருந்தது. என் அலுவலகத்தில் உதவியாளர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தால் நான் என்ன செய்கிறேன்? சிவப்புப் பேனாவை எடுக்கிறேன், பிரச்சினை எங்கே என்று பார்க்கிறேன், தீர்க்கிறேன், திருப்பிக் கொடுக்கிறேன். அங்கே அதுதான் என் வேலை. சைட்டில் கான்கிரீட் போடக் காத்துக்கொண்டிருப்பார்கள், அதனால் பதில் சீக்கிரம் வேண்டும், சரியாகவும் வேண்டும். அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடப்போகிறவன் நான், இடிந்தால் கேட்கப்படப் போகிறவனும் நான். வருடக்கணக்காக இப்படியே செய்து செய்து, கோணலாக ஒன்றைப் பார்த்தால் நேராக்காமல் கைக்கு இருப்புக் கொள்ளாது. அதே கையைத்தான் மதியம் கழுவிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போகிறேன். அங்கே கான்கிரீட் காத்திருக்கவில்லை, ஒரு பெண் காத்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாத ஒன்றோடு அவள் இன்னும் இரண்டு வாரம் மல்லுக்கட்ட வேண்டும் என்பதற்காகவே அந்தச் செமஸ்டர் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தைத்தான் நான் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

ஸ்டுடியோவில் நடப்பதைப் பற்றி யோசித்தவர்களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த டொனால்ட் ஷோன் முக்கியமானவர். அவர் கட்டடக்கலைஞர் இல்லை, தத்துவம் படித்தவர். தொழில் தெரிந்தவர்கள் வேலை செய்துகொண்டே எப்படி யோசிக்கிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. 1980களின் தொடக்கத்தில் அவர் அலசிய ஒரு டிஸ்கஷன் எங்கள் வட்டாரத்தில் ரொம்பப் பேருக்குத் தெரியும். பெயரை மாற்றி பீட்ரா, குவிஸ்ட் என்று வைத்திருப்பார். பீட்ரா சரிவான நிலத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியைப் பொருத்த முடியாமல் தவிக்கிறாள். ஆசிரியர் குவிஸ்ட் அவள் வரைபடத்தின் மேல் டிரேசிங் ஷீட்டைப் போட்டு, வரைந்துகொண்டே பேசிக்கொண்டே, நிலத்தையும் வகுப்பறையையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார். வாயும் பென்சிலும் சேர்ந்து யோசிப்பதை ஷோன் அவ்வளவு அழகாகப் பிரித்துக் காட்டியிருப்பார். நான் முதலில் படித்தபோது குவிஸ்ட்டாகத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். ஜூரிக்கு அப்புறம் மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த முறை என் கண் பீட்ராவைத் தேடியது. அவள் அங்கே மிகக் குறைவாகத்தான் பேசுகிறாள். பிற்பாடு சில கல்வியாளர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள்: குவிஸ்ட் நன்றாக யோசித்தார், சரி, அந்தப் பெண் என்ன யோசித்துக்கொண்டிருந்தாள் என்று அவர் விசாரித்தாரா?

நானும் விசாரிக்கவில்லை. படியை ஏன் நேராகப் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கீழே இருந்த ஷீட்

ஜூரி முடிந்து ஒரு வாரம் கழித்து மதிப்பெண்ணுக்காகப் பழைய ஷீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முடிந்த வேலையை மட்டும் பார்க்காமல் வழியையும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செமஸ்டர் முழுவதும் வரைந்ததை எல்லாம் ஒரு கட்டாகத் தரச் சொல்வோம். அவளுடைய கட்டில் நான் வரைந்த டிரேசிங் ஷீட் இருந்தது, அதற்குக் கீழே அவளுடைய முதல் செக்ஷன். இரண்டையும் பிரித்தேன். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன், அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியதை.

நீளமான அந்தப் படிக்கட்டை ஒட்டியிருந்த சுவரில் மெல்லிய பென்சிலில் குறுக்குக் கோடுகள் இருந்தன. பிளானில் அது வெறும் சுவர் மாதிரி தெரிந்திருக்கிறது. செக்ஷனில் அவை அலமாரிகள். படியோடு படியாக மேலேறும் புத்தக அலமாரி, ஒவ்வொரு மூன்று படிக்கும் ஒரு தட்டு உயர்ந்துகொண்டு போகிறது. படியின் அகலம் 1,800 மி.மீ. ஒரு நூலகத்துக்குள் இவ்வளவு அகலம் எதற்கு என்று நான் மனதுக்குள் கழித்துப்போட்டிருந்தேன். ஆனால் அவள் அந்த அகலத்தில் பாதியில் குட்டியாக ஒரு ஆளை உட்காரவைத்திருந்தாள், மடியில் புத்தகத்தோடு. பக்கத்திலேயே இன்னொரு ஆள் நடந்து ஏறுகிறார். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத அந்த உருவத்தை அழித்து அழித்து மூன்று முறை வரைந்திருந்ததன் தடம் தாளில் இருந்தது. மேலே போகும் வழியிலேயே புத்தகத்தை எடுத்து அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். அந்த நூலகத்தின் உயிரே அந்தப் படிதான். நான் அதை இடம் அடைத்துக்கொண்டிருக்கும் பொருளாகப் பார்த்து மடக்கிவைத்தேன்.

என் படிக்கட்டு நல்ல படிக்கட்டு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் பரிசு கொடுக்கலாம். ஆனால் அவளுடையது வேறு ஒரு எண்ணம். பக்குவப்படாத எண்ணம், லேண்டிங் இல்லை, கைப்பிடி எங்கே என்று யோசிக்கவில்லை, உட்கார்ந்திருப்பவரின் காலை ஏறுகிறவர் மிதிப்பார். இத்தனை ஓட்டைக்கும் நடுவில் அது அவளுடையது, அதற்கு அவளிடம் பதில் இருந்திருக்கும். மூத்தவர் ஜூரியில் ஏன் என்று கேட்டபோது அவள் வாய் திறந்து பேசியிருப்பாள்.

மழை எந்தப் பக்கம்

எனக்கு ஸ்டுடியோ எடுத்தவரும் தொழிலில் இருந்தவர்தான். ஷூவில் சிமென்ட் காய்ந்திருக்க வருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டேப். நான் இரண்டாம் ஆண்டில் ஒரு விடுதி வரைந்துகொண்டிருந்தேன், நீளமான வராந்தா, வரிசையாக அறைகள். அவர் என் பிளானை எடுத்து வைத்துக்கொண்டு கால்மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் கேட்டார், "இங்க மழை எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கும்?" எனக்குத் தெரியவில்லை. "பார்த்துட்டு வா" என்று ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் அன்றைய டிஸ்கஷன். ஒரு வாரம் அலைந்தேன். காற்று வரைபடம் தேடினேன், அந்த நிலத்துக்குப் பக்கத்தில் பழைய கட்டடங்களில் எந்தச் சுவர் கறுத்திருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். வராந்தா பக்கம் மாறியது, கூரை நீண்டது, அறையின் கதவு இடம் மாறியது. எல்லாம் நானே செய்தது. அவர் என் தாளில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

அவருக்கு விடை தெரியாமல் இல்லை. சைட்டில் நனைந்தவருக்குத்தான் அந்தக் கேள்வியே வரும், புத்தகம் மட்டும் படித்தவருக்கு அந்தக் கேள்வி அந்த இடத்தில் தோன்றியிருக்காது. தொழிலிலிருந்து அவர் கொண்டுவந்தது அந்தக் கேள்வியை. இது எனக்குப் புரிய இருபது வருடம் ஆகியிருக்கிறது.

இத்தனைக்கும் அதே மழையிடம் நான் பிற்பாடு தோற்றேன். தனியாக அலுவலகம் தொடங்கி நான்காவதோ ஐந்தாவதோ கட்டடம். வெளிச்சுவரோடு ஜன்னல் சில் (ஜன்னலின் அடியில் வைக்கும் கல்) ஒரே மட்டத்தில், ஒரு கோடுகூட வெளியே நீட்டாமல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சில் கல்லை வெளியே நீட்டி, அதன் அடியில் சொட்டு இறங்கச் சின்னதாக ஒரு காடி வெட்டுவது வழக்கம், டிரிப் என்போம். விரல் நுனி அகலம்கூட இருக்காது. கல்லின் அடியோடு ஊர்ந்து சுவருக்குப் போகப் பார்க்கும் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். எனக்கு அந்த நீட்டல் அசிங்கமாகப் பட்டது, எடுத்துவிட்டேன். மேஸ்திரி இரண்டு முறை கேட்டார், வேண்டுமா வேண்டாமா என்று. வேண்டாம் என்றேன். மூன்றாவது மழைக்காலத்தில் ஒவ்வொரு ஜன்னலின் இரண்டு மூலையிலிருந்தும் கறுப்பாகத் தாரை இறங்கியிருந்தது. உள்ளே பூச்சு ஊதியிருந்தது. அந்த வீட்டுப் படங்கள் என் அலுவலகத் தொகுப்பில் இருக்கின்றன, எல்லாம் கட்டி முடித்த முதல் மாதத்தில் எடுத்தவை. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது பல வருடம் அந்தப் படங்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் அந்தப் படிக்கட்டும் ஒரே தவறு. முடிந்து பளபளப்பாக இருப்பதை மட்டும் ஸ்டுடியோவுக்குள் எடுத்துக்கொண்டு போனேன். என்னிடம் கேட்டு வாங்கும்படி இருந்தது வேறு. எத்தனை முறை அழித்தேன், எங்கே மேஸ்திரி சொன்னதைக் கேட்காமல் விட்டேன், எந்தச் சுவர் கறுத்தது என்பதெல்லாம். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன செமஸ்டரில் கறுத்த சுவரைப் புதிதாகப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் ஒருவன் கேட்டான், "அவங்ககிட்ட போய்ச் சொன்னீங்களா சார்?" சொன்னேன், போய் நின்றேன், செலவைப் பகிர்ந்துகொண்டு சில்லை மாற்றினேன் என்று சொன்னேன். அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். தண்ணீர் கல்லின் அடியில் எப்படி ஒட்டிக்கொண்டு போகிறது என்பதில் தொடங்கி, வீட்டுக்காரர் என்ன சொன்னார், தூக்கம் வந்ததா என்பது வரைக்கும்.

முழுநேரமாக இருப்பவர்கள்

தொழில் செய்துகொண்டே கற்பிப்பவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு, என்னிடமும் இருந்தது. கட்டத் தெரியாதவர்கள்தான் கற்பிக்கப் போகிறார்கள் என்கிற பேச்சைப் பலமுறை கேட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். அது அநியாயம். நான் வாரத்துக்கு இரண்டு மதியம் வந்து போய்விடுகிறேன். சைட்டில் அவசரம் என்றால் அதுவும் தள்ளிப்போகிறது. நான் வராத அன்று அந்த இருபது பேரையும் யார் பார்க்கிறார்கள்? ஜூரியில் உடைந்துபோனவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுப்பது யார்? மூன்று நாள் தூங்காத பையனைக் கண்டுபிடித்து வீட்டுக்குப் போகச் சொல்வது யார்? எல்லாம் முழுநேர ஆசிரியர்கள். அந்த மாணவி ஜூரிக்கு முந்தின வாரமே, "இது என் படி மாதிரியே இல்ல மேடம்" என்று முழுநேர ஆசிரியை ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது செமஸ்டர் முடிந்தபிறகுதான் தெரிந்தது. அவளுக்கு என்னிடம் சொல்ல இடமில்லை, என் பேனா மட்டும்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் நன்றாக வரைகிறவர்களைப் பார்த்து வைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு இழுப்பது, நம் பாணியில் வரைந்தால் கூடுதலாக மதிப்பெண் விழுவது, இதெல்லாம் நடக்கிறது. பெரியவர்களுக்கே நேர்ந்ததுதான் பாணிச் சிக்கல். புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே 1938 முதல் 1958 வரை சிகாகோவில் கட்டடக்கலைத் துறையை நடத்தினார். கோடு போடப் பழகுவதில் ஆரம்பித்து, செங்கல்லை எப்படி அடுக்குவது என்று படிப்படியாகப் போகும் பாடத்திட்டம். ஒழுக்கமான பாடத்திட்டம்தான், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அங்கே படித்தவர்கள் பலர் அவரைப் போலவே எஃகும் கண்ணாடியுமாகக் கட்டினார்கள் என்ற விமர்சனம் இன்றுவரை போகவில்லை.

மறுபக்கம், கற்பிப்பதால் நமக்குக் கிடைப்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் 1947இல் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது அவருக்கு 46 வயது. அவர் பெயரைச் சொன்னால் நமக்கு நினைவுக்கு வரும் கட்டடங்கள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. 1974இல் இறக்கும் காலம் வரை அவர் கற்பிப்பதை விடவில்லை. பால்கிருஷ்ண தோஷி 1962இல் அகமதாபாத்தில் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கி, அதன் வளாகத்தையும் தானே வடிவமைத்து, கூடவே தன் அலுவலகத்தையும் நடத்தினார். கட்டடங்கள் வடிவமைத்த வெனிசின் கார்லோ ஸ்கார்பாவை எடுத்துக்கொண்டால் அவரிடம் கட்டடக்கலைஞருக்கான உரிமமே இல்லை. பல்லாண்டுகள் அந்த ஊர் கட்டடக்கலைப் பள்ளியில் கற்பித்தார், 1970களில் அதற்குத் தலைமையும் வகித்தார். பள்ளிக்கு வாசல் ஒன்றும் வடிவமைத்தார், அவர் இறந்த பிறகுதான் அது கட்டப்பட்டது. அதில் விக்கோ என்ற பழைய இத்தாலியத் தத்துவஞானியின் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறது. செய்யப்பட்டதுதான் உண்மை என்பதுபோல அதற்கு அர்த்தம். கையால் ஒன்றைச் செய்கிறவனுக்குத்தான் அது தெரியும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்தப் படிக்கட்டு எனக்குத்தான் தெரியும். அவள் செய்யவே இல்லையே.

வேறு தாள்

இப்போது நான் செய்வது சின்ன விஷயம். மாணவர் ஷீட்டின் மேல் டிரேசிங் போடுவதில்லை. வரையாமலும் இருப்பதில்லை, அதை விட்டால் நான் அங்கே போவதில் பிரயோஜனம் இல்லை. வேறு தாளை எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைகிறேன். அவர்கள் கட்டடத்தை வரையமாட்டேன், என்னுடைய ஒரு சைட்டில் இதே மாதிரி சிக்கல் வந்தபோது நான் செய்ததை வரைவேன், முதலில் செய்த தப்பையும் சேர்த்து. அந்தத் தாளை அவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம், விட்டுவிட்டும் போகலாம். வரைவதற்கு முன்னால் ஒரு கேள்வியாவது கேட்கிறேன். கை பரபரக்கும்போது பேனாவை மூடி பையில் வைத்துவிடுகிறேன். சில நாள் முடிவதில்லை, பழைய பழக்கம் வந்துவிடுகிறது. அப்போது பாதியில் நிறுத்தி, இதை நீ எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

படிக்கட்டுக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போதும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். இரண்டு ரைசர், ஒரு டிரெட், மூன்றையும் கூட்டினால் 600 மி.மீ.க்கும் 650 மி.மீ.க்கும் நடுவில் வர வேண்டும் என்று முன்பெல்லாம் பலகையில் எழுதிப்போட்டுவிடுவேன். இந்தக் கணக்கு பிரான்சுவா புளோண்டெல் சொன்னது. பாரிசில் 1671இல் ராஜாங்கக் கட்டடக்கலைக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர். அங்கே பாடமும் எடுத்தார், அதே வருடங்களில் பாரிசின் செயின்ட் டெனிஸ் வளைவையும் வடிவமைத்தார். மனிதன் நடக்கும்போது எடுத்துவைக்கும் ஓர் எட்டு எவ்வளவு நீளம் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்கினார், அன்றைய பிரெஞ்சு அளவில் 24 அங்குலம், நம் கணக்கில் 65 செ.மீ. மேலே ஏறும்போது அந்த எட்டு சுருங்கும், ஒரு அங்குலம் உயர்ந்தால் இரண்டு அங்குலம் குறையும் என்றார். இப்போது வகுப்பை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நடக்கவைக்கிறேன், ஒவ்வொருவரும் தன் எட்டைத் தானே அளக்கட்டும் என்று. அப்புறம் கல்லூரிப் படிகளில் ஏறச் சொல்கிறேன். சூத்திரத்தை அவர்களே பாதி கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் பெண் வந்தாள். இப்போது ஐந்தாம் ஆண்டு. பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போர்ட்ஃபோலியோ சேர்த்துக்கொண்டிருக்கிறாள், மூன்றாம் ஆண்டு நூலகத்தையும் போட ஆசை, ஆனால் அப்படியே போட மனம் வரவில்லை என்றாள். ஷீட்டை விரித்தாள். படிக்கட்டு மறுபடி நேராக இருந்தது. அலமாரி இந்தமுறை தடித்த கோட்டில் தெளிவாக ஏறியது. நடுவில் லேண்டிங் வந்திருந்தது, உட்காருகிறவர்களுக்குச் சுவர்ப்பக்கம் தனியாக உயரமான படிகள், நடக்கிறவர்களுக்கு வெளிப்பக்கம், நடுவில் கைப்பிடி. ஏன் என்று கேட்டேன். பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். அதிகம் பேசாத பெண் என்று இவளையா நினைத்தேன்!

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மேல்தளத்தில் படிக்காக வெட்டிய திறப்பு போதவில்லை. திறப்பின் விளிம்பில் பீம், அதன் அடிமட்டம் தரையிலிருந்து 3,150 மி.மீ. அந்தப் பீம் ஒன்பதாவது படிக்கு நேர் மேலே வருகிறது. ஒன்பது படி ஏறினால் 1,350. மிச்சம் 1,800. எங்கள் அலுவலகத்தில் 2,100க்குக் கீழே விடமாட்டோம். கொஞ்சம் உயரமானவர் நெற்றியில் இடித்துக்கொள்வார். திறப்பை இரண்டு படி நீளத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும், தள்ளினால் மேலே வாசிப்பறையில் ஒரு வரிசை மேஜை போய்விடும், அல்லது பீமையே வேறு இடத்துக்கு எடுக்க வேண்டும். மூன்று வழி உடனே தோன்றியது. கை சட்டைப் பைக்குப் போய்விட்டது.

பேனாவை எடுக்கவில்லை. "ஒன்பதாவது படியில நில்லு" என்றேன். புரியாமல் பார்த்தாள். "உன் செக்ஷன்ல. ஒன்பதாவது படியில நின்னு கையைத் தூக்கிப் பாரு." ஸ்கேலை எடுத்துத் தாளில் வைத்தாள், படிகளை எண்ணினாள், மேலே அளந்தாள். மறுபடி அளந்தாள். "ஆயிரத்து எண்ணூறு" என்றாள் மெதுவாக. அப்புறம் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு இடிக்காது சார்."

"உனக்கு இடிக்காது."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "உங்க டேப்பைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வெளியே போனாள். ஸ்டுடியோ கதவு திறந்தே இருந்தது. கல்லூரிப் படிக்கட்டில் தன்னைவிட ஒரு தலை உயரமான ஒரு பையனைப் பிடித்து நிறுத்திவைத்து, எக்கி எக்கி மேலே பீம் வரைக்கும் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ கேட்டான். "பேசாம நில்லுடா" என்று அவள் சொன்னது இங்கே வரை கேட்டது.